சீலோவுக்கு வேனில் போகலாமா?

தியானப் பகுதி: எரேமியா 7:1-15

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



சென்ற மாதம் நம் சேகரக் கமிட்டியில் ஒரு திட்டம் வைக்கப்பட்டது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் உள்ள பழம்பெரும் கிறிஸ்தவ ஊர்களுக்கு ஒரு பாரம்பரியச் சுற்றுலா. இரண்டு வேன்கள் அதிகாலையில் புறப்பட்டு, ஒரே நாளில் பத்து ஆலயங்களைக் காட்டி, இரவு உணவுக்குள் அனைவரையும் வீடு சேர்த்துவிடும். ஒவ்வோர் ஆலயத்தின் முன்னும் ஒரு குழுப் புகைப்படம் எடுத்து, அவற்றைக் கொண்டு அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி அச்சிடலாம் என்றும் யோசனை சொல்லப்பட்டது. அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவனே. அதன்பின் உங்களில் சிலர் வருந்தினீர்கள். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, முன்னோர்மேல் மதிப்பில்லாத போதகரைச் சபை இப்போதுதான் பார்க்கிறது என்றார். அவர் நேர்மையாகப் பேசியதற்காக நன்றி சொல்கிறேன். அவருக்கும் உங்களுக்கும் என் பதிலைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எரேமியா தீர்க்கதரிசி தேவாலயத்தின் வாசலில் நின்று பிரசங்கித்ததை இன்றைய பகுதியில் வாசிக்கிறோம். உள்ளே நுழைந்துகொண்டிருந்தவர்கள் யெகோவாவை மறுத்தவர்கள் அல்லர். தங்கள் ஆலயத்தைக் குறித்து மிகுந்த பெருமை கொண்டவர்கள். இது கர்த்தரின் ஆலயம் என்று அவர்கள் மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்னதாக அந்தப் பகுதி காட்டுகிறது. அவர்களுக்குத் தேவன் கொடுத்த மறுமொழி விந்தையானது. சீலோவுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். ஒரு காலத்தில் தம் நாமம் தங்கியிருந்த அந்த இடம் என்ன ஆயிற்று, ஏன் அப்படி ஆயிற்று என்று நேரில் கண்டு வரச் சொன்னார். ஆகவே பழைய ஆராதனை ஸ்தலங்களைப் போய்ப் பார்ப்பது வேதத்துக்கு விரோதமானது என்று நான் சொல்லவில்லை. அது தேவனே கட்டளையிட்ட காரியம். ஆனால் எதற்காகப் போகச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். பெருமை கொள்வதற்காகப் போகச் சொல்லவில்லை. நடுங்குவதற்காகப் போகச் சொன்னார். அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்காதிருங்கள் என்ற கட்டளை அதே பகுதியில், சீலோவின் பெயருக்குச் சில வசனங்களுக்கு முன்னே நிற்கிறது.

ஒரே நாளில் பத்து ஆலயங்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் சாலையிலேயே கழியும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் போக, ஓர் ஆலயத்துக்கு இருபது நிமிடங்கள் மிஞ்சினால் அதிகம். அந்த இருபது நிமிடங்களில் அஸ்திபாரக் கல்லை வாசிக்கலாம், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், வெள்ளைக்கார மிஷனெரியின் கல்லறைமேல் ஒரு மாலை வைக்கலாம். அந்த ஊரில் இன்று வாழ்கிற ஒரு மனிதரோடும் பேசாமலே திரும்பி வரலாம். வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் ஆண்டும் ஓர் உயரமும் ஓர் ஆங்கிலப் பெயரும் நம்மிடம் இருக்கும். இதைத்தான் பாரம்பரியம் என்கிறோம். நம் ஆண்டவரோ தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரிக்கிறவர்களைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் வெறும் வாதத்துக்காக இதைச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில், நம் வாலிபர் சிலரும் இரண்டு மூப்பர்களும் நானும் பாளையங்கோட்டையிலிருந்து மெஞ்ஞானபுரம் வரை மூன்று நாள்கள் நடந்தோம். அதற்கு முன் அதே வழியில் நான் எத்தனையோ முறை காரிலும் பேருந்திலும் சென்றிருக்கிறேன். அந்த மூன்று நாள்களில் கண்டவற்றை அதுவரை ஒருமுறையும் கண்டதில்லை.

பாளையங்கோட்டையில் பழைய கோட்டைப் பகுதியில் உள்ள சிறிய ஆலயத்திலிருந்து தொடங்கினோம். மக்கள் அதைப் பாப்பாத்தி கோயில் என்பார்கள். 1785-இல் குளோரிந்தா அம்மையார் கட்டுவித்தது. அவர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தவர். அந்த நிலையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778-இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் சுவார்ட்ஸ் ஐயரே. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்கிறவர் இந்தப் பெண். நம் சுற்றுலாப் பட்டியலில் இந்த ஆலயத்துக்குப் பத்து நிமிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பெரிய கோபுரம் இல்லை, படம் அழகாக விழாது என்பது காரணம். நாங்கள் அதன் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வாலிபப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஐயா, இப்படிப்பட்ட ஓர் அம்மா இன்று நம் சபைக்கு வந்தால், அவருக்கு எந்த வரிசையில் இடம் கொடுப்போம்?" அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. நடை தொடங்கியபின் நெடுநேரம் அந்தக் கேள்வி எங்களோடு நடந்து வந்தது. வேனில் போயிருந்தால் அடுத்த ஆலயத்தின் அறிவிப்பில் அது அமிழ்ந்திருக்கும்.

அங்கிருந்து ஆற்றின் தென்கரையைப் பற்றிக் கிழக்கே நடந்தோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி, இந்தப் பகுதியில் அகன்று அமைதியாக ஓடுகிறது. இருபுறமும் வயல்களும் வாழைத் தோட்டங்களும். செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர் என்று ஊர்ப் பெயர்களே அந்த மண்ணின் செழிப்பைச் சொல்லும். ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், ஈமத் தாழிகளில் தங்கள் இறந்தோரைப் புதைத்த மக்கள், மிஷனெரிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டமும், நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியும் வைணவர்களுக்கு எவ்வளவு அருமையானவை என்பதை நீங்கள் அறிவீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கதை நம்மோடு தொடங்கவில்லை. அங்கே நாம் கடைசியாக வந்த விருந்தாளிகள். நடக்கிறவனுக்கு இது கால் வலியோடு புரிகிறது. வேன் ஜன்னலுக்கு அவையெல்லாம் அடுத்த ஆலயத்துக்குப் போகும் வழியில் குறுக்கிடுகிற ஊர்கள்.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்துக்கு அருகே சற்று நின்றோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் நாற்புறமும் வெள்ளம் சூழ இரண்டு நாள்கள் சிக்கிக்கொண்டனர். அப்போது அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் கிடந்த நிலையிலும், முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு நினைவுக் கல்லும் இல்லை. ஆனால் அந்நியனை உபசரிப்பதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையில் வருகிற சமாரியனின் ஊர் எங்கே என்று கேட்டால், அந்த ரயில் நிலையத்தைச் சுட்டிக்காட்டத் தயங்கமாட்டேன். பத்து ஆலயங்களின் பட்டியலில் அந்த இடத்துக்கு எண் கிடையாது.

நாசரேத்தில் இரவு தங்கினோம். 1876 முதல் 1908 வரை அங்கே ஊழியம் செய்த மர்காஷிஸ் ஐயரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் பெயரில் அங்கே ஒரு கல்லூரியே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன அந்தக் கொடிய காலத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடும், பின்பு கைத்தொழில் கற்கப் பள்ளியும் அங்கே எழுந்தன. ஆலயத்தின் அழகு இவற்றுக்குப் பிறகே வருகிறது.

மறுநாள் நாசரேத்தைத் தாண்டித் தெற்கே நடந்தபோதுதான் என் கண்கள் திறந்தன. காலடியில் மண் மாறியது. கறுத்த வயல் மண் மறைந்து செம்மண்ணும், பின்பு கால் புதையும் தேரி மணலும் வந்தன. வாழை மறைந்து பனை நின்றது. ஊர்ப் பெயர்களும் மாறின. நல்லூர்கள் முடிந்து விளைகளும் புரங்களும் தொடங்கின. அந்தப் பகுதியில் விளை என்பது ஆற்று நீர் எட்டாத புன்செய்த் தோப்பு நிலம். நம்முடைய புகழ்பெற்ற கிறிஸ்தவ ஊர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள்: முதலூர், மெஞ்ஞானபுரம், இடையன்குடி. பாளையங்கோட்டை நகரத்தை விட்டால், நம் பெரிய கோபுரங்களில் பெரும்பாலானவை ஆற்றங்கரையில் நிற்கவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் நிற்கின்றன. ஏன் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நன்செய் நிலம் கோயில்களுக்கும் மேல்சாதியாருக்கும் உரியதாக இருந்தது. சுவிசேஷத்தைக் கூட்டங்கூட்டமாக ஏற்றுக்கொண்டவர்கள் பனையேறிகளும், பிறர் வயலில் உழைத்த கூலிகளும். ஆற்றிலே அவர்களுக்குப் பங்கில்லை. அக்கிரகாரத்திலும் தேர் ஓடும் வீதியிலும் அவர்கள் நடக்கலாகாது என்றிருந்த காலம் அது. பிரியமானவர்களே, இதைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டவற்றில் முதன்மையானது, பொது வழியில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமை. அந்த உரிமைக்காக அவர்கள் அடிபட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நாம் அதே வழியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர்சாதனம் ஓட, தூங்கிக்கொண்டு போகிறோம். பிறகு அவர்களை நினைவுகூர்ந்தோம் என்று நாள்காட்டி அச்சிடுகிறோம்.

புரம் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு கூட்டத்துக்காக நிலம் வாங்கி ஓர் ஊரை உண்டாக்கினார். கிறிஸ்தவர்களின் முதல் ஊர் ஆகையால் முதலூர். ஜெபவீடுகள் கொளுத்தப்பட்டன, குடிசைகள் இடிக்கப்பட்டன. ஓடி வந்தவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-இல் ஏற்படுத்தப்பட்ட தரும சங்கத்தின் வேலையே இதுதான். சபை மக்கள் தங்கள் காணிக்கையைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். அந்த நிலத்தில் துரத்தப்பட்டவர்கள் குடியேறினார்கள். கருப்பட்டி விற்ற காசில் பிறந்த ஊர்கள் அவை. ஆகவே புரம் என்று வாசிக்கும்போதெல்லாம் அடைக்கலம் என்று வாசியுங்கள். அந்த ஊர்களின் ஆலயம் முதலாவது ஒரு கட்டடம் அன்று. துரத்தப்பட்டவன் வந்து நிற்கத்தக்க ஒரு வாசல்.

இப்போது நான் கண்ட வேறொரு வாசலையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் நண்பகலில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், ஆலய நிழலில் இளைப்பாறலாம் என்று போனோம். வெளிவாசலே பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த கோயில்பிள்ளை வெளியூர் போயிருந்தார். மதிலின் ஓரத்தில் நின்றோம். எதிர்வீட்டு அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, "வண்டி பழுதாயிட்டா ஐயா?" என்று கேட்டார். நடந்துதான் வருகிறோம் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் ஊற்றினார். பிறகு, "வேனு நெறைய வரும். படம் எடுப்பாங்க, போயிருவாங்க. யாரும் எங்ககிட்ட தண்ணி கேட்டதில்ல" என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது பின்னரே தெரிந்தது. அந்த ஊர் ஆலயத்தை நான் குற்றம்சாட்டவில்லை. உண்டியல் திருட்டுக்குப் பயந்து அவர்கள் பூட்டியிருக்கலாம். நம்முடைய ஆலயமும் ஞாயிறு பகலில் பூட்டினால் அடுத்த ஆராதனைக்குத்தானே திறக்கிறது? அடைக்கலமாக எழுந்த வீட்டை ஆறு நாள் பூட்டி வைத்துவிட்டு, அதன் பழமையைப் பாராட்ட ஏழாம் நாள் வேன் எடுக்கிறோம்.

பூட்டு இரும்பில் மட்டும் இல்லை. சாதியால் துரத்தப்பட்டவர்களுக்கு அடைக்கலமாகத் தொடங்கிய திருச்சபை, இன்று எந்தச் சாதியாருக்கு எந்த சேகரம் என்று காதோடு காதாகப் பேசிக்கொள்கிறது. கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமாலைப் பகுதியைத் திறந்து பாருங்கள். மறுபடி பிறந்த மணமகள் தேவை என்று எழுதுகிற கையே சாதியின் பெயரையும் சேர்த்து எழுதுகிறது. சேகரத் தேர்தல் வந்தால் நம் நாவுகள் எந்தப் பட்டியலைப் பேசுகின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னோரின் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற கழுத்து, பக்கத்திலிருப்பவனைத் திரும்பிப் பார்க்க மறுக்கிறது. இதைத் தொடாமல் போகிற எந்தப் பாரம்பரியச் சுற்றுலாவும் எரேமியா கேட்ட அதே பழைய முழக்கம்தான்: ஆலயம், ஆலயம், ஆலயம்.

மூன்றாம் நாள் மாலையில் மெஞ்ஞானபுரத்தின் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்தது. 1847-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம்; கோபுரத்தின் உயரம் 192 அடி. ஜான் தாமஸ் ஐயர் 1870-இல் மரிக்கும்வரை அந்த வறண்ட நிலத்தில் உழைத்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வேனில் வருகிறவர்களுக்கு அந்தக் கோபுரம் திடீரென்று வளைவில் எழுந்து நிற்கும். கைபேசியை எடுக்கச் சொல்லும். நாங்கள் அதை நெடுந்தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே, தேரி மணலில் கால் இழுபட, மெல்ல மெல்ல நெருங்கினோம். எங்களில் மூத்தவர் ஒருவர், கால் கொப்புளத்தோடு வந்தவர், அப்போது சொன்னார்: "இது பார்க்கக் கட்டினதில்லை ஐயா. நடந்து வாறவனுக்கு வழி தெரியக் கட்டினது." கட்டினவர்களின் எண்ணம் அதுவா என்று நான் ஆராயவில்லை. ஆனால் அதைவிடச் சிறந்த பிரசங்கத்தை அந்தக் கோபுரத்தைக் குறித்து நான் இன்றுவரை கேட்டதில்லை.

என் எதிர்ப்புக்கு நீங்கள் சொன்ன மறுப்புகளை மறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

முதியவர்களும் நோயாளிகளும் நடக்க முடியாதே என்றீர்கள். உண்மை. அவர்களுக்காக வண்டி வரட்டும்; முன்வரிசையில் அவர்களே அமரட்டும். ஆனால் நான் கேட்பது கிலோமீட்டர் கணக்கை அன்று. ஒரு நாளில் ஓர் ஊர், அந்த ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம். எண்பது வயது மூப்பரும் இதைச் செய்யலாம். நடக்க முடியாதவர்களைக் காரணம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடக்கிறவர்களாகவே இருக்கிறார்கள்.

மிஷனெரிகளே குதிரையிலும் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் போனார்களே என்றும் கேட்டீர்கள். போனார்கள். ஆனால் கால்டுவெல் ஐயர் 1841-இல் சென்னையிலிருந்து இந்தத் தென்பகுதிக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தார் என்பதும் அறியப்பட்ட செய்தி. மக்களையும் அவர்கள் பேச்சையும் அறிய வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்பு இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 1880-இல்தான் அது பிரதிஷ்டை கண்டது. அத்தனை ஆண்டுகளில் எழுந்ததை நாம் இருபது நிமிடங்களில் பார்த்து முடிக்கிறோம். மேலும், மிஷனெரிகள் வண்டியில் போன வழியில் அவர்களுக்கு முன்னும் பின்னும் பெயரில்லாத உபதேசியார்கள் நடந்தே போனார்கள். அவர்களுக்கு வண்டியும் இல்லை, கல்லறைமேல் சலவைக் கல்லும் இல்லை. நடக்கிறபோது அவர்களோடும் நடக்கிறோம்.

மூன்றாவது மறுப்பு மிகவும் முக்கியமானது. நடப்பதால் புண்ணியம் கிடைக்கும் என்று போதிக்கிறீர்களா, கிருபையினாலே இரட்சிப்பு என்ற நம் விசுவாசம் எங்கே போயிற்று என்று ஒரு சகோதரர் எழுதினார். அவர் எச்சரிக்கை நியாயமானது. கொப்புளம் ஒருவரையும் நீதிமானாக்காது. மூன்று நாள் நடந்தேன் என்று ஒரு வாலிபன் பெருமை பேசினால், வேனில் போனவனைவிட அவன் மோசமானவன். நடை நம்மை இரட்சிப்பதில்லை. அது நம் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்கள் அந்தச் சில மைல் தூரத்தை நடந்து போனதால்தான், அந்நியராக வந்து சேர்ந்துகொண்ட ஆண்டவரோடு பேச அவர்களுக்கு நேரம் இருந்தது. மாலையில் அவரை வீட்டுக்குள் அழைத்து அப்பம் பிட்டபோதே அவரை அறிந்துகொண்டார்கள். வழியிலும் பந்தியிலும் அந்நியருக்கு இடம் கொடுத்தவர்கள் உயிர்த்தெழுந்தவரைக் கண்டார்கள். ஒருவருக்கும் இடம் மிச்சமில்லாத நம் பயணத் திட்டத்தில் அவர் எங்கே ஏறிக்கொள்வார்?

மெஞ்ஞானபுரத்துக்கு அருகே வெள்ளாளன்விளை என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1874-இல் ஒரு கிராமப் போதகருக்கு மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியது மேல்நாட்டாரைத் திடுக்கிடச் செய்தது. அவர்களுடைய தியாகங்களுக்கு நன்றி சொன்னார். ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். கொடுப்பவராகவும் ஆளுபவராகவும் வந்தவர்கள் பந்தியில் பக்கத்தில் அமரவில்லை என்பதே அவர் குத்தலின் பொருள். விளையில் பிறந்த அந்த மகன் வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று விளையில் வாழ்கிறவர்கள் நம்மிடம் கேட்கலாம். அவர்கள் ஊரின் கோபுரத்தைப் படம் எடுக்கிறோம். ஆலயம் பழுதுபார்க்கக் காணிக்கையும் அனுப்புகிறோம். நண்பராக ஒருவரையும் கொண்டிருக்கிறோமா?

ஆகவே வருகிற கமிட்டிக் கூட்டத்தில் நான் மறுபடியும் எதிர்ப்பேன். எதிர்ப்பதோடு நிற்காமல் இவற்றை முன்வைப்பேன். பத்து ஆலயங்களுக்குப் பதில் இரண்டு ஊர்களுக்குப் போவோம். முடிந்தவர்கள் நாசரேத்திலிருந்து மெஞ்ஞானபுரம் வரை நடக்கட்டும். முடியாதவர்கள் வண்டியில் வந்து அதே திண்ணைகளில் அமரட்டும். ஓர் இரவு அங்கே தங்கி, ஊரார் சமைத்ததை ஊராரோடு உண்போம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது ஐயர்மாரின் கல்லறையோடு நிறுத்தாமல், பெயர் அழிந்துபோன உபதேசியாரின் மேட்டையும் கேட்டறிவோம். திரும்பி வந்த அடுத்த திங்கட்கிழமை முதல் நம் ஆலயத்தின் பக்கவாசலைப் பகலெல்லாம் திறந்து வைப்போம். மண்பானையில் தண்ணீரும் ஒரு பாயும் அங்கே இருக்கட்டும். காவலுக்கு ஆள் வேண்டும் என்றால், முதல் வாரத்துக்கு நான் உட்காருகிறேன்.

இந்தக் கடைசிக் காரியத்துக்கு நீங்கள் சம்மதித்தால், வேன் போனாலும் நான் அவ்வளவாக வருந்தமாட்டேன். அது நடவாமல், பத்து ஆலயங்களின் படங்கள் மட்டும் பன்னிரண்டு மாதங்களும் நம் சுவர்களில் தொங்குமானால், நாம் சீலோவைப் பார்க்கப் போனவர்கள் அல்லர்; சீலோவாக மாறிக்கொண்டிருக்கிறவர்கள்.

ஜெபம்: அடைக்கலமான ஆண்டவரே, துரத்தப்பட்ட எங்கள் முன்னோருக்கு வறண்ட நிலத்தில் ஒரு வாசலைத் திறந்தீர். அவர்கள் கட்டியதைப் பார்த்து மகிழ்ந்து, அவர்கள் கட்டியதின் காரணத்தை மறந்துபோனோம், எங்களை மன்னியும். எங்கள் அவசரத்தைக் குறைத்தருளும். வழியில் எதிர்ப்படுகிற அந்நியரில் உம்மை அறிந்துகொள்ளவும், பூட்டிய கதவுகளைத் திறக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.